சிவப்பு அங்கிக்காரரும் என் பிடியரிசியும்

எங்கள் வீட்டில் உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வேறொரு பாத்திரத்தில் போடுவோம். அந்தப் பிடி கர்த்தருக்கு உள்ளது. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோய், முன்னால் வைத்திருக்கும் அண்டாவில் தட்டுவோம். பிடியரிசி என்று பெயர். பாறசாலைப் பக்கத்து மிஷன் சபைகளில் இது தெரியாத பெண் கிடையாது. வெள்ளறடையில் கட்டிக்கொடுத்த என் தங்கை இன்றைக்கும் கேஸ் அடுப்பின் பக்கத்தில் அதற்கென்று ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருக்கிறாள்.

அண்டாவைச் சுற்றி நிற்கும்போதுதான் எந்த வீட்டில் என்ன சந்தோஷம், எந்த வீட்டில் என்ன சங்கடம் என்று தெரியவரும். மகனுக்கு வேலை கிடைத்தது, மருமகள் முழுகாமல் இருப்பது, ரப்பர் வெட்டப் போனவர் வழுக்கி விழுந்தது எல்லாம் அங்கே பேசி, அங்கேயே ஜெபித்து முடியும். ஒரு வாரம் ஒரு வீட்டு அரிசி வரவில்லை என்றால், மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். என் புருஷன் போன பிறகு நான் அடுப்பே பற்ற வைக்காமல் கிடந்தேன். அப்போது வந்து கதவைத் தட்டியவர்கள் அவர்கள்தான். ஒருத்தி முற்றம் பெருக்கினாள். இன்னொருத்தி பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தந்தாள். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இது தெரியாவிட்டால், ஜெர்மனியில் அவ்வளவு பெரிய ஆலயத்துக்குள் நான் அரிசிப் பையோடு எதற்குப் போனேன் என்பது யாருக்கும் விளங்காது.

என் மகள் அங்கே நர்ஸ். போய் நிறைய வருடம் ஆகிவிட்டது. கல்யாணம் ஒத்துவரவில்லை. அவன் அவன் வழிக்குப் போனான், பிள்ளை இல்லை. போன வருடம் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பையோடு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

"நீ வரண்டாம்மா. நான் ஆஸ்பத்திரியிலதான கெடக்கேன் எப்பளும். எனக்குத் தெரியாத ஆஸ்பத்திரியா" என்று போனில் சொன்னாள்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். வேதம் வாசிக்கத் தெரியும், பஸ்ஸின் போர்டு வாசிக்கத் தெரியும். பெற்ற பிள்ளை வரவேண்டாம் என்று சொன்னால் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் தெரியும். விசா மூன்று மாதத்துக்குக் கிடைத்தது. காந்தாரி மிளகாயும் தேங்காய் வறுத்து இடித்த சம்மந்திப் பொடியும் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன்.

அவள் இருப்பது நாலாவது மாடி. லிப்ட் உண்டு. எதிரே ஒரு வீடு; அதன் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. சில நாள் வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடக்கும், சில நாள் கிடக்காது.

"எதிர்த்த வீட்டுல ஆராக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா."

"இத்தன வருஷமாவா?"

"அவியளும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல."

ஆபரேஷன் முடிந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உலை வைத்தேன். அங்கே இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். நம்முடைய சிவப்புப் புழுங்கலரிசி கிடைக்கும். அரிசியை அளந்து கழுவப் போகும்போது கை தானாக ஒரு பிடி எடுத்துவிட்டது. ஒழிந்த காப்பித்தூள் டப்பா ஒன்று இருந்தது, அதில் போட்டேன். சோபாவில் படுத்துக் கிடந்தவள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அது ஆருக்கு?"

"கர்த்தருக்கு."

"கர்த்தருக்கு இங்க எந்த அட்ரஸ்ல கொண்டு குடுப்ப?"

"ஏன், இங்க சர்ச்சு இல்லியா?"

"தெருவுக்கு ஒண்ணு உண்டு. பூட்டிக் கெடக்கும். ஞாயித்துக்கெழம போனா நாலு கெழவிய இருப்பாவ. அவியளும் முடிஞ்ச ஒடனே ஓடிருவாவ."

"நானும் கெழவிதான்" என்றேன். "பாப்போம்."

அந்தச் சிறிய அடுக்களையில் அவளுக்குக் கஞ்சியும் பயறும், பிறகு சோறும் மீன்கறியுமாக நாள்கள் போயின. டப்பா நிறைந்தது. அடுத்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பாத்திரமும் பாதிக்கு மேல் வந்தது. மகளின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. லிப்டில் ஏறாமல் படியிறங்கிப் போகத் தொடங்கினாள். வேலைக்குப் போகும் நாளும் வந்தது, நான் திரும்பும் நாளும் பக்கத்தில் வந்தது.

அவள் சாப்பாட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. சமைக்கத் தெரிந்தவள். என் பயம் வேறே. நான் போன பிறகு ஒரு நாள் காலையில் இவளால் எழும்ப முடியவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடிப்பார்கள். அது அடித்துக்கொண்டே இருக்கும். நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை. எதிர் வீட்டுச் செருப்பா வந்து தட்டும்? மற்ற எதுவும் என் நெஞ்சில் நிற்கவில்லை, இது ஒன்றுதான் கிடந்து உருண்டது. விமானம் ஏறுவதற்குள் இந்த வீட்டு அரிசியை ஏதாவது ஒரு சபையில் சேர்த்துவிட வேண்டும், இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று அங்கே யாருக்காவது தெரிய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அந்த நகரத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஆலயம் இருக்கிறது. உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்களாம். "போறதுக்கு முன்ன அத எனக்குக் காட்டித் தா" என்று மகளிடம் சொன்னேன்.

"அது ஆர்.சி. சர்ச்சாக்கும். நம்ம சபை இல்ல."

"பாக்கதுக்கு என்ன ஆர்.சி.?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அரிசியத் தூக்கிட்டு வந்தன்னா நான் வரமாட்டேன், கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். கேட்டேன் என்றுதான் சொன்னேன்.

டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் மடியில் கோட்டுக்கு அடியில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள். பாதித் தூரம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு, "ஒனக்கு கனமா இருக்கும், இங்க தா" என்று கையை நீட்டினாள். "நீ கனம் எடுக்கப்பிடாது" என்று நான் கொடுக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஆலயத்தை எப்படிச் சொல்வது. எங்கள் ஆலயக் கோபுரம் தென்னைகளுக்கு மேலே தெரியும். நெய்யாற்றின்கரைப் பக்கம் போய்விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்தே அதைப் பார்த்து, ஊர் வந்துவிட்டது என்று எழும்புவோம். அதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு, இப்போதும் குறையவில்லை. ஆனால் இது வேறே ஒன்று. கன்னங்கரேல் என்று, மழையில் நனைந்த பாறை மாதிரி நின்றது. தலையைத் தூக்கித் தூக்கி, பின்னால் விழுந்துவிடுவேனோ என்று மகளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கல்லைத் தையல் வேலை செய்த மாதிரிச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாரம் கட்டி இரண்டு பேர் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பழைய ஆலயத்திலும் இன்னும் வேலை முடியவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் சபையில் சுற்றுச்சுவர் வேலை ரொம்ப நாளாகக் கிடக்கிறது.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். செருப்பு என்ன, மகள் வாங்கித் தந்த கம்பளி ஷூ.

"அம்மா, கழத்தாத. இங்க ஆரும் கழத்த மாட்டாவ. தரை ஐஸா இருக்கும்."

"அவிய கழத்தல்லன்னு நானும் கழத்தண்டாமா?"

"எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டு."

சுவர் ஓரமாக ஷூவை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலுறையோடு உள்ளே நடந்தேன். அவள் சொன்னது சரிதான், ஐஸாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறந்துவிட்டேன்.

உள்ளே ஒரு பெரிய மரக்காட்டுக்குள் போனதுபோல் இருந்தது. ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்துக்குள் நின்று மேலே பார்த்தால் இரண்டு பக்கத்து மரமும் உச்சியில் சேர்ந்திருக்குமே, அந்த மாதிரிக் கல்தூண்கள் மேலே போய்ச் சேர்ந்திருந்தன. கண்ணாடி ஜன்னல்களில் நீலமும் சிவப்பும். வெளியே மேகம் விலகினபோது அந்த நிறமெல்லாம் தரையில் வந்து விழுந்தது. ஒரு சின்னப் பெண் அதை மிதித்து மிதித்து விளையாடினாள். யாரோ ஆர்கன் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுப் பாட்டில்லை, கொஞ்சம் வாசிப்பது, நிறுத்துவது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்செலும்புக்குத்தான் வந்தது. கட்டினவர்கள் யாரோ, கூலிக்கு எத்தனை பேர் கல் சுமந்தார்களோ, அவர்கள் பெண்டாட்டிமார் வீட்டில் என்ன சமைத்து வைத்துக் காத்திருந்தார்களோ என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

ஒரு பக்கத்தில் மரியாளின் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் எரிந்தன. எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் மகள் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துப் பக்கத்து வர்த்தியில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுச் சிறிது நேரம் அங்கேயே நின்றாள். ஊரில் என்றால் ஏதாவது சொல்லியிருப்பேன். இங்கே ஒன்றும் சொல்லவில்லை, என்ன நினைத்து வைத்தாள் என்றும் கேட்கவில்லை. தீ ஆடாமல் எரிய வேண்டுமே என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அண்டாவைத் தேடினேன். அவ்வளவு பெரிய ஆலயத்தில் அரிசி தட்ட ஒரு பாத்திரம் இல்லாமலா இருக்கும் என்றுதான் நினைத்தேன். தூணுக்குத் தூண் காணிக்கைப் பெட்டி இருந்தது, மேலே ஒரு கீறல். காசு போகும். அரிசியும் போகும், ஒவ்வொரு மணியாகப் போட்டால். எனக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை ஆட்கள் நடக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஒருவரிடமும் கேட்க எனக்குப் பாஷை இல்லை. கேட்கக்கூடிய ஒருத்தி கேட்க மாட்டேன் என்று நிற்கிறாள்.

அப்போதுதான் அவர் வந்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை நல்ல சிவப்பில் அங்கி, கறுப்புக் கரை வைத்தது. வெள்ளி முடி, கண்ணாடி, நடையில் ஒரு கம்பீரம். எங்கள் பேராயர் திடப்படுத்தல் ஆராதனைக்கு வரும்போது போடுவதைவிட நல்ல துணி. நேரே என்னைப் பார்த்து வந்து, என் பையைக் காட்டி, இரண்டு கையையும் நீட்டினார்.

என் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆலயத்தின் பேராயர், ஒரு கிழவி அரிசியோடு நிற்பதைப் பார்த்துத் தானே வந்து வாங்குகிறாரே என்று. குனிந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிப் பையை அவர் கையில் வைத்தேன். வைத்துவிட்டு ஆசீர்வாதத்துக்குத் தலையையும் தாழ்த்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் அவர் பையின் கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிவந்தாள். முகம் அவர் அங்கி நிறத்தில் இருந்தது.

"அம்மா, அவரு பிஷப்பு இல்ல. காவலுக்கு நிக்க ஆளாக்கும். பெரிய பையெல்லாம் தொறந்து பாப்பாவ."

"காவலுக்கு நிக்க ஆளுக்கா இந்த உடுப்பு?"

"இங்க அப்பிடித்தான். நீ சும்மா நில்லு, நான் பேசுகேன்."

அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"என்ன கேக்காரு?"

"எதுக்கு அரிசியக் கொண்டு வந்தியன்னு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"கடைக்குப் போயிட்டு வாற வழியின்னு சொன்னேன்."

"பொய்யாக்கும் சொன்ன, சர்ச்சுக்குள்ள நின்னுட்டு" என்றேன். "உள்ளத சொல்லு. பிடியரிசின்னா என்னன்னு சொல்லு. ஆபரேஷன் முடிஞ்ச வீட்டு அரிசியின்னு சொல்லு. நான் போனா ஒனக்கு இங்க ஆரும் இல்லன்னும் சொல்லு."

"அதெல்லாம் ஒரு காவல்காரருக்கிட்ட எதுக்கும்மா?"

"பின்ன ஆருகிட்ட சொல்லுவ நீ? இத்தன நாளு ஆருகிட்ட சொன்ன?"

அவள் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அந்தப் பாஷையில் மெதுவாகத் தொடங்கினாள். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சொல்வதில் எங்கே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அரிசி பிடிக்கிற மாதிரி விரலை மடக்கிக் காட்டினாள். பிறகு அந்தக் கை தானாக இறங்கி அடிவயிற்றில் போய் நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. சுற்றி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் முடிக்கிற வரை அந்தப் பையை நெஞ்சோடு, பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் என் காலைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஷூ எங்கன்னு கேக்காரு. காலு வெறைச்சுப் போவுமாம்."

அவரே என்னோடு வாசல் வரை வந்து, நான் ஷூ போடும் வரை நின்றார். பிறகு வேறொரு ஆளைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு எங்களைப் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சில படி இறங்கினால் ஒரு நீள அறை. தெருவில் கிடக்கிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் மத்தியானம் சாப்பாடு போடும் இடம். ஆலயத்துக்கு ரொம்ப வேண்டியவர்கள் நடத்துவது என்று மகள் சொன்னாள். உள்ளே வெங்காயம் வதங்கும் மணம். அது மூக்கில் ஏறியதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அங்கே பொறுப்பில் இருந்தவள் என்னைப்போல இரண்டு ஆள் சேர்ந்த பருமன். வெட்டிவிட்ட நரைமுடி, சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தாள், பேச்செல்லாம் அதட்டல். அங்கிக்காரர் சொன்னதைக் கேட்டு, பைக்குள் கையை விட்டு அரிசியை அளைந்தாள். மகளிடம் ஏதோ சொன்னாள்.

"இந்த செவப்பு அரிசி வைக்க அவியளுக்குத் தெரியாதாம். நீ வைப்பியான்னு கேக்காவ."

"எங்க பானை?" என்றேன்.

வைத்த கஞ்சியைப் பற்றி நான் பெருமை பேச முடியாது. அந்த அடுப்பில் தீ கண்ணுக்குத் தெரியாது. எப்போது கொதிக்கும், எப்போது பொங்கும் என்று பிடி கிடைக்கவில்லை. ஒரு தடவை பொங்கி வழிந்து அவள் என்னை அதட்டினாள், நானும் நம்ம பாஷையில் பதிலுக்கு அதட்டினேன். கடைசியில் கொஞ்சம் குழைந்துதான் போனது.

இதற்கிடையில் என் மகள் ஒரு பெரிய பாத்திரத்தைத் தூக்கப் போனாள். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்பிள்ளை பாய்ந்து வந்து அதைப் பறித்தாள். மகள் ஏதோ சொல்ல, அவள் தன் பெரிய வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, எதையோ பிடுங்கித் தோளுக்குப் பின்னால் எறிகிற மாதிரிக் கையைக் காட்டினாள். எனக்கே புரிந்தது. அவளுக்கும் எடுத்தாயிற்று. என் மகள் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், பல் தெரிய. நான் வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

சாப்பிட வந்தவர்களில் ஒரு கிழவர் கஞ்சியை முகர்ந்துவிட்டுச் சீனி கேட்டார். கஞ்சியில் சீனி. நான் சம்மந்திப் பொடியைக் கோட்டுப் பையில் கொண்டு வந்திருந்தேன், அதைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மூன்று கரண்டி சீனி போட்டு, பாலும் ஊற்றி, இரண்டு கிண்ணம் குடித்தார்.

"ஒங்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்லுதாரு" என்றாள் மகள்.

"சீனி நல்லா இருக்கும்" என்றேன். அவள் அதை அப்படியே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, மேசை முழுவதும் சிரிப்பு.

புறப்படும்போது அந்தப் பெண்பிள்ளை என் பையைக் கழுவி, பிழிந்து, மடித்துத் தந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மகள் யோசித்துப் பதில் சொன்னாள். படியேறும்போது நான் கேட்டேன்.

"என்ன கேட்டா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு மக்கா."

"வியாழக்கெழம லீவு உண்டாண்ணு."

"உண்டா?"

"உண்டு" என்றாள். கொஞ்சம் கழித்து, "போன் நம்பரும் வாங்கிக்கிட்டா" என்றாள்.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்கு மத்தியானத்துக்கு முன்னால், வழக்கம்போல அவளைக் கூப்பிட்டேன். முன்பெல்லாம் முதல் மணியிலேயே எடுப்பாள், நான் வைக்கச் சொல்லும் வரை வைக்கமாட்டாள். அன்றைக்கு ரொம்ப நேரம் அடித்தபிறகு எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தமும், அந்த அதட்டலும் கேட்டது.

"அம்மா, சுகமா? நான் பொறவு விளிக்கேன். வெங்காயம் அரிஞ்சிட்டு இருக்கேன், இவ கெடந்து சத்தம் போடுகா" என்று சொல்லி, நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி வேலிப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன எக்கா, மகளு அதுக்குள்ள வச்சிட்டா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு எங்கிட்ட பேச நேரமில்லியாம்" என்று நான் நன்றாக உரக்கவே சொன்னேன்.